கேட்டது, வாசித்தது, நடந்தது: கொப்பியில் எதை எழுதுவது?

உப்புக்காற்று (வெள்ளவத்தை), சனி, இரவு 9.12

2019 ஜனவரியிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இரவு படுக்கப் போகும் முன் சீஆர் கொப்பியில் இரண்டு கோடு இழுத்துப் பக்கத்தை மூன்றாக்குவேன்: கேட்டது, வாசித்தது, நடந்தது. நாட்குறிப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு ஏதாவது நடக்க வேண்டும். நான் கோட்டையில் ஒரு கந்தோரில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு நடப்பவை பெரும்பாலும் 100ஆம் இலக்க பஸ்ஸுக்குள் நடப்பவை.

இந்தக் கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஏழு கொப்பிகளையும் வெளியே எடுத்தேன். பழையவற்றின் ஓரம் தேயிலைச் சாயம் பட்டதுபோலப் பழுப்பாகிவிட்டது. கடற்கரைக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தால் காகிதத்துக்கும் யன்னல் கம்பிக்கும் ஒரே கதிதான். தூசி தட்டுவதை விட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாடு பிந்தியது.

கேட்டது என்ற பத்தியில் இந்த ஏழு வருடத்தில் அதிகம் வந்திருப்பது நான் டிக்கெட் எடுத்துப் போய்க் கேட்ட கச்சேரி எதுவும் இல்லை. இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கேட்டவை, சரஸ்வதி மண்டபத்தில் கேட்டவை எல்லாம் சேர்ந்து நாற்பது வராது. முதலிடம் பாண் ஓட்டோவுக்கு. காலை ஆறரைக்கும் பின்னேரம் நாலரைக்கும் பாணும் பணிசும் விற்க ஒழுங்கைக்குள் வரும்போது போடும் அதே மணிச்சத்தப் பாட்டு. "பா.ஓ." என்று சுருக்கி எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், முந்நூறுக்கு மேல். இரண்டாவது, மேல் மாடிப் பிள்ளையின் வீணைப் பயிற்சி. மூன்றாவது, பஸ்ஸில் சாரதி போட்ட பாட்டு.

வாசித்தது என்பதும் அப்படித்தான். நல்ல நாவல்கள் இருக்கின்றன. ஆனால் 2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில், ஒரு நாளுக்கு "பிரஷர் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாள், இருபக்கமும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கேட்டது இல்லை, காதில் விழுந்தது" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், எனக்குத்தான் மூன்று நாளாக நித்திரை இல்லை. புதுக் கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். உங்களில் இப்படிக் குறிப்பெழுதுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தானாகக் காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் எழுதலாமா, தேர்ந்து கேட்டதையும் எடுத்து வாசித்ததையும் மட்டும் எழுத வேண்டுமா?

அச்சுப்பிழை, சனி, இரவு 10.05

உங்கள் கணவர் சொன்னது சரி. பட்டியல் என்றால் தெரிவு. இருபத்தாறு வருடமாக நான் வாசித்த புத்தகங்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிறேன்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, முடித்த நாள். முடிக்காத புத்தகம் அதில் ஏறாது. பாதியில் விட்டதை வாசித்தேன் என்று எழுதுவது பொய்க்கணக்கு. கணக்குப் பார்க்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாண் ஓட்டோவைக் கேட்டதில் எழுதினால், நாளைக்குத் தண்ணீர் மோட்டாரையும் எழுத வேண்டி வரும்.

உப்புக்காற்று, சனி, இரவு 10.11

ஐயா, தண்ணீர் மோட்டார் 2021 கொப்பியில் இருக்கிறது. ஒன்பது தடவை.

தெஹிவளை 22, சனி, இரவு 11.48

அக்கா, நான் எதையும் எழுதுவதில்லை. கைபேசியில் பாட்டுக் கேட்கும் செயலியே எழுதி வைத்துக்கொள்கிறது. வருட முடிவில் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டேன், மொத்தம் எத்தனை நிமிடம் என்றெல்லாம் வண்ணப் படமாகக் காட்டும். போன வருடம் எனக்கு முதலிடத்தில் வந்தது ஒரு மழைச் சத்தம். பரீட்சைக் காலத்தில் நித்திரை வருவதற்காகப் போட்டுவிட்டுப் படுப்பேன், அது விடியும்வரை ஓடும். அதை நான்தான் தேர்ந்தேன், ஆனால் ஒரு நாளும் கேட்கவில்லை. அச்சுப்பிழை ஐயாவின் விதிப்படி அது எந்தப் பத்தியில் போகும்?

வெளியே உண்மையான மழையும் பெய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

றபான், ஞாயிறு, காலை 6.20

நான் ரயில்காரன். பதினெட்டு வருடமாக வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு. புத்தகம் வாசிக்கக் கொழும்பில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செக்கிரட்டேரியட், கோட்டை. இடம் கிடைத்தால் இருபது பக்கம், தொங்கிக்கொண்டு போனால் பூச்சியம். கடல் பக்கத்து யன்னலில் உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக விழும், ஆனால் தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் பக்கத்தில் உப்புத் துளியும் விழும். என்னுடைய புத்தகங்களில் மே தொடக்கம் ஓகஸ்ட் வரை வாசித்தவற்றைத் தொட்டே சொல்லிவிடுவேன்.

வண்டியில் பாட்டுக்காரர் ஏறுவார். கண் தெரியாதவர், கையில் றபான் என்ற கைமேளம், தோளில் மனைவியின் கை. சிங்களப் பாட்டுத்தான். என் பெயருக்குக் காரணமும் அவர்தான். அவர் ஏறினால் நான் புத்தகத்தை மூடுவதில்லை, வாசிப்பதுமில்லை. கண் வரியில் நிற்கும், பக்கம் திரும்பாது. சென்ற வருடம் சில கிழமைகள் அவரைக் காணவில்லை. அந்தக் கிழமைகளில் நான் ஒரு தடித்த நாவலை முடித்தேன். அதன் கதை என்னவென்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் இல்லாமல் வாசித்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

உப்புக்காற்று அவர்களே, எழுதுங்கள். மோட்டாரையும் எழுதுங்கள்.

மூன்றாம் மாடி (பம்பலப்பிட்டி), ஞாயிறு, காலை 9.30

நான் பிள்ளைகளுக்கு வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். கவலைப்பட வேண்டாம், வெள்ளவத்தையில் உங்கள் மேல் மாடியில் இருப்பது நான் இல்லை. ஆனால் எனக்குக் கீழேயும் யாரோ இப்படிக் கொப்பி எழுதிக்கொண்டிருக்கக்கூடும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. முதற் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும் ஒரு பிள்ளை நாளைக்கு இரண்டு மணித்தியாலம் வாசித்தால் கீழ் வீட்டுக்காரர் அதன் ராகமான மாயாமாளவகௌளையை மன்னிக்கவே மாட்டார்.

பாண் ஓட்டோ பற்றி ஒரு விசயம். சிங்களத்தில் அதைச் சூன் பாண் என்கிறார்கள். மெட்டுடன் வரும் பாண் என்பதுதான் அந்தப் பெயர். அந்த மெட்டு பேத்தோவன் 1810இல் எழுதிய ஒரு சிறிய பியானோத் துண்டு. அவர் உயிரோடு இருக்கும்போது அச்சேறவில்லை. 1827இல் அவர் காலமாகி நாற்பது வருடம் கழிந்து, 1867இல்தான் வெளியானது. பெட்டிக்குள் கிடந்த தாள் எங்கள் ஒழுங்கைக்குள் மாலு பாணோடு வந்து சேர்ந்திருக்கிறது. ஓட்டோவில் இருக்கும் சிறிய மின்சில்லு வலது கையின் மெட்டை மட்டும்தான் வாசிக்கிறது. இடது கை முழுவதும் இல்லை. பக்கத்தில் சுருதி பிடிக்கும் ஒத்து இல்லாத நாதஸ்வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படிக்கும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருநாள் வரிசை வாசிப்பதை விட்டுவிட்டு இந்த மெட்டை வீணையில் தேடிப் பிடித்துவிட்டது. முதலில் ஏசினேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, "மிஸ், இது என்ன ராகம்?" என்று கேட்டது. உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். முடிகிற சுரத்தை ஷட்ஜமாக வைத்தால் தொடக்கம் இப்படி வருகிறது: ப ம ப ம ப ரி ம க ஸ. முதலில் பஞ்சமத்தோடு (ப) சேர்ந்து ஆடுவது பிரதி மத்திமம், அதாவது மேல் ம; பிறகு இறங்கும்போது வருவது சுத்த மத்திமம், கீழ் ம. ஒரே மூச்சுக்குள் இரண்டு மத்திமமும். பிள்ளைக்கு இரண்டு மத்திமத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இரண்டு மாதமாகச் சொல்லிக் களைத்திருந்தேன். பாண்காரர் இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அச்சுப்பிழை ஐயா, கேள்விஞானம் என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. யாரும் பாடம் நடத்தாமல், வீட்டில் ஒலித்துக்கொண்டே இருந்ததால் வந்த ஞானம். தவில், நாதஸ்வரக் குடும்பங்களில் பிள்ளைகள் தொட்டிலிலிருந்தே அதைத்தான் பெறுகிறார்கள். காதில் விழுந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அச்சுப்பிழை, ஞாயிறு, காலை 9.52

கேள்விஞானம் பெற்றவர் வித்துவான் ஆகிறார். பாண் ஓட்டோவைக் கேட்டவர் பாண் வாங்குகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த 1867 எனக்குத் தெரியாது. நன்றி.

நாடாக்காரர் (கொட்டாஞ்சேனை), ஞாயிறு, பிற்பகல் 2.15

வேலை முடித்து இப்போதுதான் பார்க்கிறேன். கசெட்டுகளிலிருந்து கணினிக்குப் பாட்டு மாற்றிக் கொடுப்பது என் தொழில். அதற்கு முன் அதே கடையில் கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தோம். தொழில் இரண்டல்ல, ஒன்றுதான், திசை மாறிவிட்டது.

முதலில் உப்புக்காற்று அம்மாவுக்கு. உங்கள் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கசெட்டைக் கையில் எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிடும். நான்கு மூலையும் நடுவுமாக ஐந்து திருகாணிகள் இருக்கும், ஐந்தும் துரு. கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளையாக மாப்பூத்தது போல் இருக்கும். அது பூஞ்சணம். அதை அப்படியே இயந்திரத்தில் போட்டு ஓட்ட வேண்டாம். ஒரு கசெட்டின் பூஞ்சணம் இயந்திரத்தின் தலையில் ஒட்டி அடுத்த கசெட்டுக்குப் போகும், அம்மை நோய் மாதிரி. வெயிலிலும் காய வைக்க வேண்டாம், நாடா நெளிந்துவிடும். உலர்ந்த பெட்டியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வைத்து, பிறகு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகச் சுற்றி, துடைத்து, அதன் பின்தான் ஓட்ட வேண்டும். நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால் பாட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நாடா கெட்டுப்போய்விட்டது என்று எறிந்துவிடாதீர்கள், அந்தத் துண்டை ஒட்டினால் சரி.

90 நிமிடக் கசெட்டில் ஏறத்தாழ 130 மீற்றர் நாடா இருக்கிறது. நொடிக்கு ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். 60 நிமிட நாடாவைவிட மெல்லியது, இழுபடும். அப்போது எல்லோரும் 90தான் கேட்பார்கள், காசு மிச்சம் என்று. இப்போது அழுகிறவர்களும் அவர்கள்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்பதுகளில் வானொலிக்கு முன்னால் ரெக்கோடரை வைத்துப் பதிந்த கசெட்டுகள் நிறைய வரும். அறைச் சத்தமெல்லாம் உள்ளே இருக்கும். முன்பு கொண்டு வருகிறவர்கள், "இரைச்சலை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் தாருங்கள்" என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் பதினொரு கசெட்டோடு வந்தார். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையில் வந்த நிகழ்ச்சிகளை அவருடைய தமையன் பதிந்தவை. என்னிடம் சொன்னார்: "பாட்டை எல்லாம் எடுத்துவிடுங்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும். அறிவிப்பாளர் பேசுவதையும், நேரம் சொல்வதையும், நடுவில் ஏதாவது சத்தம் இருந்தால் அதையும் மட்டும் தாருங்கள்."

பதினொரு கசெட். நான்கு நாள் வேலை. முடிவில் வந்தது ஐம்பது நிமிடம். நேரம் ஏழு மணி பதினைந்து நிமிடம், இன்னாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, ஒரு கதவு சாத்துவது, தெருவில் மீன்காரர், மறுபடியும் நேரம். எனக்கு அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு தடவை கேட்டேன்.

தெஹிவளை 22, ஞாயிறு, பிற்பகல் 2.31

ஐயா, அந்த ஐம்பது நிமிடத்தை நாங்களும் கேட்கலாமா?

நாடாக்காரர், ஞாயிறு, பிற்பகல் 2.40

அது அவருடைய பொருள், தம்பி.

பனிக்காடு (ஸ்காபரோ), ஞாயிறு, இரவு 8.03

வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். இந்த இழையை வாசித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

எங்கள் அப்பாவிடம் இசைத்தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தேடித் தேடி வாங்கியது. அவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் புத்தகம், பச்சை மை. 1983 ஜூலையில் வீட்டோடு எல்லாம் போயிற்று. இசைத்தட்டு எரிவதற்கு முன் உருகும், கிண்ணம் மாதிரி மேலே வளையும். அதற்குமேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

சொல்ல வந்தது வேறு. அந்தத் தட்டுகளில் என்ன இருந்தது என்று இப்போது எனக்குப் பத்துக்கூடச் சொல்ல வராது. ஆனால் ஆடிவேலுக்குத் தேர் காலி வீதியால் வரும்போது கேட்கும் தவில், கரும்பு விற்கிறவர் குரல், இரவு கடைசி ரயில் தெஹிவளைப் பக்கம் போகும்போது வீட்டுப் பாத்திரங்கள் அதிர்வது, இவற்றை இப்போதே வாயால் செய்து காட்டுவேன். என் பிள்ளைகளுக்குச் செய்தும் காட்டியிருக்கிறேன். அவர்களுக்கு வேடிக்கை.

அம்மா, பாண் ஓட்டோ நான் வெளியேறிய பின் வந்தது. அதை நான் கேட்டதே இல்லை. யாராவது ஒலிப்பதிவு போட முடியுமா? பேத்தோவனைச் சொல்லவில்லை, அது இங்கேயும் கிடைக்கும். உங்கள் ஒழுங்கையில் அது வருவதை.

மூன்றாம் மாடி, ஞாயிறு, இரவு 8.20

ஐயா, நாளைக் காலை நான் முயன்று பார்க்கிறேன். எங்கள் பக்கம் ஆறே முக்காலுக்கு வரும்.

நெறியாளர், ஞாயிறு, இரவு 8.45

ஒரு குறிப்பு. கசெட்டை எங்கே திருத்தலாம், என்ன விலை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அவற்றைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். இங்கே கொப்பி பற்றியே பேசுவோம்.

உப்புக்காற்று, ஞாயிறு, இரவு 9.40

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பனிக்காடு அவர்கள் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "கரும்பு இப்போதும் விற்கிறார்கள்" என்றார்.

கேட்டவர்களுக்காகக் கொப்பியிலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்.

2020 மார்ச் 27. கேட்டது: காகம், ஒரே காகம். கடல் பகலிலும் கேட்கிறது. வாசித்தது: பழைய வாரமலர்கள், குறுக்கெழுத்து உட்பட. நடந்தது: ஊரடங்கு எட்டாம் நாள். உருளைக்கிழங்கு மூன்று.

2020 ஏப்ரல் 9. கேட்டது: பா.ஓ.! அனுமதிச் சீட்டோடு வந்தது. வாசித்தது: இல்லை. நடந்தது: எல்லா வீட்டு மாடியிலும் ஆட்கள். ஒருவரும் கையசைக்கவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

2022 மார்ச் 31. கேட்டது: மேல் மாடி வீணை, இருட்டில். பிழை விட்டால் நின்று முதலிலிருந்து தொடங்குகிறது. வாசித்தது: மெழுகுவர்த்தியில் நாலு பக்கம். நடந்தது: 13 மணித்தியால மின்வெட்டு.

2022 ஜூன் 28. கேட்டது: (வெறுமை). வாசித்தது: பெற்றோல் வரிசையில் முன்னுக்கு நின்றவரின் பத்திரிகை, அவர் தோளுக்கு மேலால். நடந்தது: பா.ஓ. வந்து பத்து நாளாகிறது.

இந்தக் கடைசிக் குறிப்பில்தான் நான் நின்றுவிட்டேன். பெற்றோல் இல்லாததால் ஓட்டோ வரவில்லை. அந்தக் காலத்துக் கொப்பியைப் பார்த்தால் கேட்டது பத்தியில் அடிக்கடி வெறுமை. பாட்டுக் கேட்கவில்லை என்று இல்லை. கைபேசியில் மின்னேற்றம் இருக்கும்போது ஏதாவது போட்டுக் கேட்டுத்தான் இருந்தேன். அவை எதையும் எழுதவில்லை. எழுதுமளவுக்கு அவை எதுவும் அந்த நாளில் ஒட்டவில்லை போலிருக்கிறது.

என்ன பாட்டு என்பதை வைத்து அந்த நாள் எனக்குத் திரும்ப வரவில்லை. பாண்காரர் வந்தாரா இல்லையா என்பதை வைத்தே வருகிறது.

றபான், திங்கள், காலை 7.05

ரயிலிலிருந்து. தமிழ்ச் சங்க நூலகத்தில் எடுத்த புத்தகம் மடியில் இருக்கிறது, பதினான்கு பக்கம் ஆயிற்று. கொம்பனித்தெரு தாண்டுகிறது. இன்று அவர் ஏறவில்லை.

புத்தகத்துக்குள் யாரோ ஒருவர் பழைய பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். 62ஆம் பக்கத்தில். அதற்குப் பிறகு உள்ள பக்கங்கள் புத்தம் புதிதாக இருக்கின்றன. அச்சுப்பிழை ஐயா, அந்த மனிதர் உங்கள் பட்டியலில் ஏற மாட்டார். ஆனால் 62ஆம் பக்கம் வரை அவரும் நானும் சேர்ந்துதான் வாசிக்கப் போகிறோம்.

தெஹிவளை 22, திங்கள், காலை 10.30

இன்னொரு தகவல். கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது 1925 டிசம்பர் 16. கொழும்புப் பொது நூலகம் தொடங்கியதும் அதே 1925. இப்போது விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடத்துக்கு வந்தது 1980இல். அப்படியென்றால் அக்காவின் முதல் இரண்டு பத்திக்கும் இந்த நகரத்தில் ஒரே வயது. மூன்றாவது பத்திக்கு எத்தனை வயது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அச்சுப்பிழை, திங்கள், பிற்பகல் 1.10

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை, எனவே பெயருக்குப் பொருத்தமானவன்தான்.

ஒரு விசயத்தை மறைத்துவிட்டேன். எழுதாமல் விட்டால் அதுவும் பொய்க்கணக்கு.

போன வருடம் பின்னேரம் காலிமுகத்திடலில் கடலை வாங்கினேன். சுருள் செய்திருந்தது ஒரு பிள்ளையின் பாடசாலைக் கொப்பித் தாளில். கடலையைத் தின்று முடித்துவிட்டுத் தாளை விரித்தேன். பழக்கதோசம், எழுத்து இருந்தால் விரிப்பேன். "எங்கள் வீட்டு நாய்" என்ற கட்டுரை. ஆறாம், ஏழாம் வகுப்பாக இருக்கலாம். நாயின் பெயர் பிறவுணி. அது மழைக்குப் பயந்தது. அப்பா மாலைதீவுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அது படலையடியில் படுக்கத் தொடங்கியது. "ஒரு நாள் படலை திறக்கும் சத்தம் கேட்டது. பிறவுணி எழும்பி" என்பதோடு தாள் முடிந்துவிட்டது.

ஆசிரியர் சிவப்பு மையில் "படளை" என்பதைத் திருத்தியிருந்தார். ஆனால் நாலாம் வரியில் ஒரு ஒற்றுப்பிழையை விட்டுவிட்டார். அதை நான் பேனையால் திருத்தினேன். ஏனென்று கேட்காதீர்கள்.

மறுநாள் திரும்பப் போனேன். கடலைக்காரர் சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். நேற்றைய தாளின் அடுத்த பக்கம் வேண்டும் என்று கேட்டேன். முதலில் பயந்துவிட்டார், ஏதோ முறைப்பாடு என்று. விளங்கிய பின் கட்டைப் பிரித்துத் தந்தார். பழைய தாள் வியாபாரியிடம் கிலோக் கணக்கில் வாங்குவாராம். அரை மணித்தியாலம் இருட்டும்வரை இருவரும் தேடினோம். கணக்கு, சுற்றாடல், ஒரு வரைபடம். பிறவுணி இல்லை. அவருக்குக் கதையைச் சொன்னேன். அவரும் தேடுவதாகச் சொன்னார். இன்னும் இரண்டு நாள் போனேன்.

அந்த வருடம் நான் முடித்த புத்தகங்கள் பத்தொன்பது. பட்டியல் இருக்கிறது. அதில் எதற்கும் இரண்டாம் தடவை நான் கடற்கரைக்கு நடக்கவில்லை. ஆனால் இதைப் பட்டியலில் ஏற்ற எனக்கு வழி தெரியவில்லை. ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பாண்டு இல்லை, முடிக்கவும் இல்லை.

மூன்றாம் மாடி, திங்கள், பிற்பகல் 1.26

ஐயா, அந்தத் தாள் இப்போது எங்கே?

அச்சுப்பிழை, திங்கள், பிற்பகல் 1.31

பட்டியல் கொப்பிக்குள். மடித்து.

நாடாக்காரர், திங்கள், மாலை 5.50

பிறவுணி எழும்பி வாலை ஆட்டியது. வேறென்ன நடக்கும்?

அச்சுப்பிழை, திங்கள், மாலை 5.58

தெரியாது ஐயா. எழும்பி, என்பதற்குப் பிறகு எதுவும் வரலாம். அப்பா வந்திருக்கலாம், தபாற்காரர் வந்திருக்கலாம்.

பனிக்காடு, திங்கள், இரவு 7.15

மூன்றாம் மாடி அவர்கள் அனுப்பிய பதிவு கிடைத்தது. ஒரு நிமிடம் பன்னிரண்டு செக்கன். முதலில் காகம், பிறகு தூரத்தில் அந்த மெட்டு, கிட்டே வருகிறது, யாரோ "நில்லுங்கள், நில்லுங்கள்" என்று மாடியிலிருந்து கூப்பிடுகிறார், ஓட்டோ நிற்கிறது, மெட்டு நிற்கவில்லை. பின்னால் ரயில். எனக்கு அந்த ரயில் போதும். இங்கே காலை, வேலைக்குப் போகும் வழி, காருக்குள் நாலு தடவை போட்டேன்.

மூன்றாம் மாடி, திங்கள், இரவு 7.22

"நில்லுங்கள்" என்று கத்தியது நான்தான். பதிவு செய்யும் அவசரத்தில் பாண் வாங்க மறந்துவிடப் பார்த்தேன்.

உப்புக்காற்று, திங்கள், இரவு 9.55

புதுக் கொப்பி தொடங்கிவிட்டேன். கோடு இழுக்கும்போது கை தடுமாறி மூன்றாவது பத்தி கொஞ்சம் அகலமாகிவிட்டது, இருக்கட்டும். முதல் பக்கம்:

கேட்டது: பா.ஓ. காலை, மாலை. வலது கை மட்டும். பஸ்ஸில் சாரதி பாட்டே போடவில்லை, கிரிக்கெட் வர்ணனை. மேல் மாடியில் வீணை. இன்று முதல் தடவையாகப் பாண் ஓட்டோ மெட்டைத் தேடியது, நாலாவது சுரத்தில் வழுக்கியது.

வாசித்தது: நாவல், 31ஆம் பக்கம் வரை. பிறவுணி, எழும்பி என்பது வரை.

நடந்தது: பின்னேரம் இடி மழை. பாண்காரரிடம் இரண்டு சீனி சம்பல் பணிஸ். அவருக்குப் பேத்தோவன் கதையைச் சொன்னேன். "அப்படியா, வண்டி வாங்கும்போதே பாட்டு அதில் இருந்தது" என்றார்.

அச்சுப்பிழை, திங்கள், இரவு 10.02

சீனிச் சம்பல். ச் மிகும்.